முன் வரிசைப் பெட்டி

எங்கள் ஊர் விலக்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. திராட்சை விவசாயிகளுக்காக அரசாங்கம் கட்டியது. கட்டி முடித்து, கல்வெட்டுப் பதித்து, பூட்டும் போட்டுவிட்டார்கள். மின் இணைப்பு மட்டும் வரவில்லை. சாதாரண லைனில் அந்த இயந்திரம் ஓடாது, தனியாக டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றார்கள். அது எப்போது வரும் என்று எந்த ஆபீசில் கேட்டாலும் இன்னொரு ஆபீசைக் கை காட்டினார்கள். வருஷங்கள் போயின. கிடங்குக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் ஊர்க்காரர்கள் மக்காச்சோளம் காயப் போட்டார்கள். சுவர் நிழலில் ஆடுகள் படுத்துக்கொண்டன.

அந்தக் கிடங்கு மற்றவர்களுக்கு வேண்டுமோ வேண்டாமோ, எனக்கு வேண்டும். அதற்குக் காரணம் என் ஓரகத்தி.

என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் தோட்டத்தைப் பங்கு பிரித்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் பிரித்தார், இளையவர் முதலில் எடுத்தார். கொழுந்தனார் ரோட்டை ஒட்டிய பாதியை எடுத்துக்கொண்டார். பின்பாதி எங்களுக்கு வந்தது. ஒரே மண், ஒரே கிணறு, ஒரே பன்னீர் திராட்சை. ஆனால் கேரளாவுக்குப் பழம் ஏற்றும் வியாபாரி வேனை நிறுத்தி இறங்கினால் அவன் கால் முதலில் படுவது என் ஓரகத்தியின் பந்தலுக்குக் கீழேதான். அவளிடம் பேசிச் சிரித்து விலை முடித்துவிட்டு என் பந்தலுக்கு அவன் வரும்போது வேன் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். மிச்ச இடத்தை நிரப்புவதற்கு என்ன விலையோ அதுதான் எனக்கு. சில சமயம் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவான். அந்த நாளைக்குள் ஒரு மழை விழுந்தால் போதும், பழமெல்லாம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை ஈ தவிர யாரும் சீண்ட மாட்டார்கள்.

மழைக்கு முன்னால் வெட்டி ஒரு வாரம் குளிரில் வைக்க முடிந்தால், நான் வியாபாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் எனக்காக வருவான். கொடி கட்டும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஓரகத்தி என்னைவிட இளையவள். பிறந்த ஊர் கடமலைக்குண்டு. அங்கே சந்தையில் அவள் வீட்டாருக்குக் கடை இருந்தது. விலை கூவிப் பழகிய குரல். யாரிடமும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவாள். நான் பத்தாவது வரை படித்தவள், அவள் எட்டாவதோடு நின்றவள். ஆனால் புது ஆள் யாராவது முன்னால் வந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் தோட்டத்துப் பழத்துக்கு என் சார்பில் அவளே விலை பேசிக் கொடுத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. இதற்குப் பெயர் பொறாமைதான், வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அவள் முறையில் மோட்டார் போட்டால் தண்ணீர்கூட வேகமாக வருவதுபோல எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் தோட்டக்கலைத் துறையின் உதவியாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மானியம், மருந்து, எல்லாம் எங்களுக்கு அவர் வழியாகத்தான் வரும். பந்தலுக்கு வெளியே நின்றே கூப்பிட்டார்.

"அக்கா, சட்டசபையிலருந்து குழு வருது. எம்.எல்.ஏ.க்களே நேர்ல வாராக."

"எதுக்கு?"

"நம்ம கிடங்கப் பாக்கத்தான். கணக்கத் தணிக்கை பண்ண வந்தவுக, பணத்தப் போட்டுக் கட்டுன கட்டடம் சும்மா கெடக்குன்னு எழுதி விட்டுட்டாக. அத இந்தக் குழு கையில எடுத்துருச்சு."

சட்டசபையில் பணம் ஒதுக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒதுக்கியதோடு அவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். கொடுத்த பணம் எங்கே போனது, கட்டியது ஓடுகிறதா என்று பார்த்துக் கேட்பதற்கென்றே எல்லாக் கட்சி ஆட்களையும் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. கேட்பதே ஒரு வேலை. அதற்குக் காரும் கொடுத்து, பதில் சொல்ல அதிகாரிகளையும் எதிரில் நிறுத்துகிறார்கள். ஒரு ஆபீஸ் வாசலில் நின்று "சார்" என்று கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நினைத்தேன். முகம் தெரியாத அந்த எம்.எல்.ஏ.க்கள் மேலும் வயிறு எரிந்தது.

உதவியாளர் போகவில்லை. குரலைத் தணித்தார்.

"ஆளுக்கு நாலு பெட்டி பழம் குடுங்க. கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய ஜெனரேட்டர வாடகைக்குச் சொல்லியாச்சு. ஒரு ராத்திரி ஓட்டி ரூமக் குளுர வச்சிருவம். அவுக வந்து பாத்துட்டுப் போகட்டும். பெறகு பெட்டிய நீங்களே எடுத்துக்கிறலாம்."

இது கண்கட்டு வேலை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முடியாது என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்தலுக்குக் கீழே யார் வந்து நின்றாலும், ஆகாதவராகவே இருந்தாலும், உள்ளதில் நல்ல குலையாகப் பார்த்து வெட்டிக் கையில் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். சட்டசபையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு வெறும் ரூமைக் காட்டுவதா? ஊர் முழுக்க இதே பேச்சு. கிடங்கு ஓடாதது மறந்துபோய், யார் பழம் நன்றாக இருக்கும் என்பது பெரிதாகிவிட்டது. குச்சனூர்க் கோயிலுக்கென்று நேர்ந்து விட்டிருந்த கொடியிலேயே ஒருவர் கை வைத்தார்.

நானும் வெட்டினேன். பன்னீர்ப் பழத்தின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்ததுபோல ஒரு படலம் இருக்கும். விரல் பட்டால் போய்விடும். அதனால் காம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு குலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பழத்தைப் பார்த்ததும் அவர்கள் என்ன எழுதுவார்கள்? கிடங்கு ஓடுகிறது என்று எழுதுவார்கள். அதோடு முடிந்தது. அப்புறம் எந்த ஜென்மத்தில் டிரான்ஸ்பார்மர் வரும்? எங்கள் வாயை எங்கள் பழத்தைக் கொண்டே அடைக்கிறோம்.

உறைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பக்கத்துப் பந்தலில் ஓரகத்தியின் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வெட்டுவதைவிட நல்ல குலையாகத் தேடினேன்.

சாயந்தரம் மோட்டார் ரூம் பக்கம் அவளைப் பார்த்தபோது சொல்லிவிட்டேன்.

"ஏ புள்ள, பழத்தப் பாத்தா ரூமு ஓடுதுன்னுல்ல எழுதிட்டுப் போயிருவாக?"

கால் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஆத்தாடி! ஆமாக்கா. எனக்குத் தோணவே இல்லையே."

"யாராச்சும் சொல்லணும். இந்த ரூமு ஒரு நாளும் ஓடுனதில்ல, இது நேத்து வெட்டுன பழம்னு."

"நீங்களே சொல்லுங்கக்கா. எம்புட்டு அழகா வருது ஒங்களுக்கு."

எனக்கு ஒரே பெருமை. அவளுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். சோறு வடிக்கும்போது சொன்னேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த வீட்டுக்காரர், "யாருகிட்டப் பேசுற?" என்றார். "யாருமில்ல" என்றேன். நாளைக்கு நான்தான் பேசப் போகிறேன் என்று எனக்குள் முடிவாகியிருந்தது.

மறுநாள் காலையில் கிடங்கில் பெட்டி அடுக்கும்போது முதலில் போனது நான்தான். என் பெட்டியை உதவியாளர் கதவுக்கு நேரே வைத்தார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். பிறகு ஓரகத்தியின் பெட்டி வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்னக்கா, மை தீட்டுன மாதிரி கலரு! இத முன்னாடி வைப்பம்."

என் பெட்டி பின்னால் போனது. பிறகு இன்னொருவருடையது வந்தபோது என்னுடையது இன்னும் பின்னால் போனது. கடைசியில் சுவரோரத்தில் வேறு பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. ஓரகத்தி, "எங்கக்கா பழமும் நல்லாத்தானே இருக்கு" என்று எனக்காகச் சொன்னாள். அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. எம்.எல்.ஏ.க்கள் வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள். கூடவே எங்கள் துறையின் மேலதிகாரி, மின்சாரத்துக்குப் பொறுப்பான அதிகாரி, குறிப்பு எழுதும் ஆட்கள். குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அவர்கள் உள்ளே போனார்கள். கதவைத் திறந்ததும் புகை மாதிரிக் குளிர் வெளியே வந்தது. "ஊட்டி மாதிரி இருக்கே" என்று யாரோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

வெளியே வந்ததும் குழுத் தலைவர் மேலதிகாரியிடம், "தணிக்கையில வேற மாதிரி எழுதியிருந்தாங்களே?" என்று கேட்டார்.

"அது பழைய நிலவரம் சார். இப்ப விவசாயிங்க தினமும் பயன்படுத்துறாங்க."

"அப்படியா, நல்லது."

எழுதுகிறவர் எழுதினார். என் வாக்கியம் தொண்டை வரை வந்தது. உதடு வரை வரவில்லை. அவர்கள் காரைப் பார்த்துத் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற ஓரகத்தி என் இடுப்பில் இடித்தாள். "சொல்லுங்கக்கா" என்று முணுமுணுத்தாள். நான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் ஒரு பழத்தை எடுத்து வந்திருந்தார் போலிருக்கிறது. வாயில் போட்டவர் நின்றுவிட்டார். "என்ன இனிப்பு! முன்னாடி இருந்த பெட்டி யாரோடது?"

"இந்தம்மாவோடதுங்கய்யா" என்று உதவியாளர் ஓரகத்தியைக் காட்டினார்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைத் தூக்கி உள்ளே போனாள். என் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்திருந்தால் அந்தக் கயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது நான்.

"நல்ல பழம்மா. எத்தனை நாளா உள்ள வெச்சிருக்கீங்க?"

"இது நேத்து வெட்டுன பழம், இன்னைக்குக் காலைல ஏத்துனதுங்கய்யா. இந்த ரூமு ஒரு நாளும் ஓடுனதில்ல."

என் வாக்கியம்தான். அவள் வாயில் அது எப்படி நிமிர்ந்து நின்றது! உதவியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப உள்ள இருக்கிற குளிரு?" என்றார் தலைவர்.

"பின்னாடி வந்து பாருங்க. கல்யாண ஜெனரேட்டரு. முகூர்த்தம் இருக்குன்னு சாயந்தரமே கழட்டிருவாக."

இரண்டு எம்.எல்.ஏ.க்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ஓடாத கிடங்குக்கு நீங்க ஏம்மா பழம் குடுத்தீங்க?"

"நல்லா இருக்கே! வீடு தேடி வாரவுகளுக்கு வெறும் ரூமையா காட்டுவாக?"

மேலதிகாரி உள்ளே புகுந்தார். "சார், இது ஒருத்தர் சொல்றது. மத்த விவசாயிங்களையும் கேளுங்க."

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரிதானா?" யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மானியத்துக்கு இதே அதிகாரியிடம்தான் போக வேண்டும். ஓரகத்தி சுற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

"எங்கக்காவக் கேளுங்கய்யா. இத மொதல்ல யோசிச்சவுகளே அவுகதான்."

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. நான் பேசாமல் நின்றால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். ஊருக்கு முன்னால், வந்தவர்களுக்கு முன்னால், தலை குனிந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் வருவாள். அது என் கையில் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம்போல இனித்தது. ஆனால் அவள் பொய்யானால் கிடங்கும் போய்விடும், அவளுக்குப் போக மிஞ்சிய விலைக்கு என் பழம் போவது காலத்துக்கும் தொடரும்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா."

"ஆமாங்கய்யா. ஓடுனதில்ல."

அவ்வளவுதான். அதன் பிறகு அணை ஷட்டரைத் தூக்கியதுபோல ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மக்காச்சோளத்தைக் கூடச் சொன்னார்கள்.

தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். "இணைப்பு ஏன் வரலை?" என்று துறை அதிகாரியைக் கேட்டார். அவர் மின்சார அதிகாரியைப் பார்த்தார். "நீங்க ஏன் குடுக்கலை?" என்று அவரைக் கேட்டார். அவர் துறை அதிகாரியைப் பார்த்தார். ஆபீஸ் ஆபீசாக நாங்கள் அலைந்தபோது கை காட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரே இடத்தில் நின்றதால், காட்டுவதற்கு வேறு இடம் இல்லை. "யார் என்னைக்குச் செய்வீங்கன்னு எழுத்துல குடுங்க. செய்யலைன்னா அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பேரும் சென்னைக்கு வந்து குழு முன்னாடி சொல்லுங்க" என்றார். கேட்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓரகத்தி, அவர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, அந்தக் குழுவில் அவளும் ஒரு ஆள் மாதிரி நின்றாள்.

பேப்பரில் அவள் படம் வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது. தேனி பஜாரில் துணிக்கடைக்காரர் அவளை உட்காரச் சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். கேட்கிறவர்களிடமெல்லாம் அவள், "எல்லாம் எங்கக்கா யோசன" என்றுதான் சொன்னாள். அதையும் ஊர் நம்பவில்லை. "பாரு, இம்புட்டுச் செஞ்சுட்டும் மூத்தவளுக்கு எப்பிடி மருவாத குடுக்குறா" என்று அதற்கும் அவளையே மெச்சினார்கள். என் பேரை அவள் எடுக்க எடுக்க அவளுக்குத்தான் பேர் வந்தது.

டிரான்ஸ்பார்மர் வந்தது. கிடங்கும் ஓடியது. நாளைக்கு ஓடுமா என்று பயந்துகொண்டே ஊர்க்காரர்கள் தினமும் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த அறுப்புச் சமயத்தில் மேற்கே மேகம் கட்டியது. வியாபாரி வழக்கம்போல் ஓரகத்தியின் பந்தலில் இறங்கி, வழக்கம்போல் விலை முடித்து, வேனை நிரப்பிக்கொண்டு போனான். நாளைக்கு வருகிறேன் என்றான் என்னிடம். நான் அவனுக்காகக் காத்திருக்காமல் வெட்டி முழுவதையும் கிடங்கில் ஏற்றினேன். அவளுக்கு ஏற்றப் பழமே இல்லை. அவளுக்கு அந்தக் கிடங்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை என்பது பெட்டியை இறக்கும்போதுதான் தோன்றியது. தனக்கு வேண்டாத ஒன்றுக்காகத்தான் அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் அப்படி நின்றிருக்கிறாள். அதற்காக அவளை நல்லவள் என்று நினைக்க வேண்டும். எனக்கோ வயிற்றெரிச்சல் ஒரு பிடி கூடியது.

மழை விடாமல் பெய்தது. கொடியில் நின்ற பழமெல்லாம் வெடித்தது. வானம் வெறித்த பிறகு நல்ல பழம் தேடி வியாபாரிகள் கிடங்குக்கே வந்தார்கள். நம் வியாபாரியும் வந்து என் பெட்டிகளைத் திறந்து பார்த்தான்.

"இது யாரு சரக்கு?"

கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைக் காட்டினார். "இவுகளோடது. எம்.எல்.ஏ.க்களயே மடக்குனாகள்ல, அவுக ஓரகத்தி."

"தெரியுமே. அப்ப அவுகட்டயே வெலை பேசிக்கிறேன். அவுகன்னா பட்டுன்னு முடியும்" என்று அவன் போனை எடுத்தான்.

"பழம் என்னுது" என்றேன். "எங்கிட்டப் பேசுங்க."

கிடங்குச் சுவரில் பட்டு என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒரு விலை சொன்னேன். "என்னக்கா, நீங்களுமா?" என்றான். வேன் வரை போனான். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்தான்.

சாயந்தரம் மோட்டார் ரூமில் ஓரகத்தி கேட்டாள். "எம்புட்டுக்குக்கா போச்சு?"

சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"அம்புட்டா?" என்றாள். "எனக்கு இதுல பாதிதானே குடுத்தான் பாவி." பிறகு, "அடுத்த அறுப்புக்கு நானும் உள்ள வச்சிரலாம்னு பாக்கேன்க்கா" என்றாள்.

"எடம் இருக்கணும்ல புள்ள" என்றேன்.